கவசம் வடித்த கைகள்

நுழையும்முன்

திரையில் தோன்றும் போர்வீரனின் தலைக்கவசம் பெரும்பாலும் இரும்பால் ஆனதன்று, நெகிழியால் ஆனது. அதன் வடிவம் முதலில் பிறப்பது களிமண்ணில். மண்ணைக் குழைத்து வடிவம் காணும் சிற்பியின் கையும், காற்றின் அழுத்தத்தை அறிந்த தொழில்நுட்பரின் அறிவும் அதில் இணைகின்றன. ஆனால், அதைச் செய்தவரின் பெயர் பார்வையாளரைச் சென்றடைவதில்லை. இக்கலையின் இயல்பையும் அதைச் செய்வோர்க்கு உரிய மதிப்பையும் ஆராய்கிறது இக்கட்டுரை.

பெயர் இல்லாத கலை

திரைப்படம் பலர் கூடிச் செய்யும் கலை. படம் முடிந்து அரங்கின் விளக்குகள் ஒளிரும்போது நடிகரின் பெயரும் இயக்குநரின் பெயரும் பார்வையாளர் நாவில் நிற்கும். பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் போற்றுவோர் பலர் உண்டு. போர்க்களக் காட்சியில் வீரர்கள் அணிந்து வந்த தலைக்கவசங்களை வடித்தவர் யார் என்று கேட்பவர் அரியர்.

1964-ஆம் ஆண்டு வெளிவந்த 'கர்ணன்' திரைப்படம், எண்ம முறையில் செப்பனிடப்பட்டு 2012-ஆம் ஆண்டு மீண்டும் திரைக்கு வந்தது. புதிய தலைமுறை அதனை ஆர்வத்தோடு வரவேற்றது. கவசத்தோடு பிறந்தவன் என்று போற்றப்படும் வீரனின் கதை அது. அவ்வீரனுக்குத் திரையில் கவசமும் முடியும் செய்து தந்த கைகளைப் பற்றிய பேச்சு மிகவும் அரிது.

இத்தகையோர் கேட்ட பொருளைச் செய்து கொடுக்கும் வணிகர்களா, படைப்பாளர்களா? சிறியதாகத் தோன்றும் இவ்வினா இங்கிலாந்தின் உச்சநீதிமன்றம்வரை சென்றது. அங்கே கிடைத்த விடை கைவினைஞர்களுக்கு மகிழ்ச்சி தருவதன்று. அவ்விடையை எடைபோடுவதற்கு முன்னர் இக்கலையின் வேர்களையும் வழிமுறையையும் அறிதல் வேண்டும்.

மண்ணீட்டாளர் மரபு

புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தைக் காட்டும் இளங்கோவடிகள், அங்கு வாழ்ந்த தொழில் வல்லுநரை ஒருவர்பின் ஒருவராக நிரல்படுத்துகிறார். கொல்லர், தச்சர், ஓவியர் ஆகியோருடன் மண்ணால் உருவம் சமைக்கும் மண்ணீட்டாளரும் அந்நிரலில் இடம்பெறுகின்றனர். துணியாலும் நெட்டியாலும் அழகுப் பொருள்கள் செய்வோரையும் அவர் மறக்கவில்லை. காப்பியத்தின் நகரத்தில் கைவினைஞர்க்கு ஓர் இடம் இருந்தது.

கூத்துக் கலையிலும் இம்மரபு தொடர்கிறது. தெருக்கூத்தில் அரசனாகவோ வீரனாகவோ வருபவர் அணியும் முடியும் புயவணியும் மார்புப் பதக்கமும் பொன்னால் ஆனவை அல்ல. கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தைச் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டி அவற்றைச் செய்கின்றனர். இரவு முழுவதும் ஆடவேண்டிய கலைஞரின் தலைக்குச் சுமை கூடாது; தொலைவில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்கு ஒளி குறையக் கூடாது. இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவு செய்வதே அக்கைவினையின் திறம். இன்றைய திரைக்கவசமும் இதே இரு தேவைகளுக்கு இடையில்தான் உருவாகிறது.

சுவாமிமலையின் செப்புத்திருமேனி மரபை இங்கு நினைத்தல் தகும். சிற்பி முதலில் மெழுகில் உருவத்தை வடிக்கிறார். அதன்மேல் மண் பூசி அச்சாக்கி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உருகிய உலோகத்தை ஊற்றுகிறார். ஒரு பொருளில் வடித்து மற்றொரு பொருளில் வார்த்தெடுக்கும் அந்த அறிவைக் கலை என்று உலகம் வணங்குகிறது. மண்ணில் வடித்து நெகிழியில் எடுக்கும் அறிவும் அதன் உறவினமே.

காற்று வடிக்கும் கவசம்

தலைக்கவசம் உருவாகும் முறையை 'வெற்றிட வடிவாக்கம்' என்பர். குளிர்பதனப் பெட்டியின் உட்சுவர், இனிப்புப் பெட்டிக்குள் இருக்கும் குழித்தட்டு, திருவிழாக் கடைகளில் தொங்கும் மெல்லிய முகமூடி போன்றவற்றைச் செய்யவும் இம்முறை பயன்படுகிறது. பழகிய பொருள்களின் வழியே அறிந்துகொள்ளத்தக்க எளிய தொழில்நுட்பம் இது.

முதலில் ஓவியர் தாளில் ஒரு வடிவத்தைத் தீட்டுகிறார். சிற்பி அதனைக் களிமண்ணில் முப்பரிமாண உருவமாக்குகிறார். தாளில் இருப்பது பெரும்பாலும் ஒரு பக்கத் தோற்றம் மட்டுமே. பின்புறம் எவ்வாறு வளைய வேண்டும், கண்துளை எவ்வளவு ஆழத்தில் அமைய வேண்டும், ஒளி எந்த விளிம்பில் பட்டுத் தெறிக்க வேண்டும் என்பனவற்றை முடிவு செய்பவர் சிற்பியே.

அடுத்து, களிமண் உருவத்தின்மேல் பாரிஸ் சாந்து பூசி அச்சு எடுக்கப்படுகிறது. அந்த அச்சுக்குள் கெட்டியான சாந்தோ பிசினோ ஊற்றி உறுதியான கருவடிவம் ஆக்கப்படுகிறது. அச்சைப் பிரிக்கும்போது முதலில் வடித்த களிமண் உருவம் பெரும்பாலும் சிதைந்துவிடும். சிற்பியின் விரல் பதிந்த முதற்படைப்பு அத்தோடு மறைகிறது.

கருவடிவத்தில் நுண்ணிய துளைகள் இடப்படுகின்றன. ஏ.பி.எஸ். போன்ற நெகிழித் தகடு ஒன்று சட்டத்தில் பொருத்தப்பட்டு, ஏறத்தாழ 150 பாகை செல்சியசு வரை சூடாக்கப்படுகிறது. தகடு இளகித் தொய்யும் தருணம் அறிந்து, அதனைக் கருவடிவத்தின்மேல் இறக்குகின்றனர். உடனே துளைகளின் வழியே உள்ளிருக்கும் காற்று இறைக்கப்படுகிறது. தகடு வடிவத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தகட்டை இழுப்பது வெற்றிடம் என்று தோன்றும். உண்மையில், வெளியிலிருக்கும் காற்றின் அழுத்தமே அதனைத் தள்ளி ஒட்டவைக்கிறது.

இம்முறைக்குச் சில எல்லைகள் உண்டு. தகடு விரியும் இடத்தில் மெலியும். பரப்பு இருமடங்கானால் தடிமன் பாதியாகும். ஆகவே, ஆழமான வடிவங்களில் மூக்கு, முகவாய் போன்ற முனைகள் வலுவிழக்கக்கூடும். உள்நோக்கி வளைந்த பகுதி இருந்தால், குளிர்ந்த நெகிழியைக் கருவடிவத்திலிருந்து கழற்ற இயலாது. இதனால் தலைக்கவசத்தை முன்பாதி, பின்பாதி எனப் பிரித்துச் செய்து, ஓரம் வெட்டி இணைக்கின்றனர். இணைப்பு வெளியே தெரியாமல் மறைக்கும் பட்டைகளையும் சிற்பி முன்கூட்டியே திட்டமிட வேண்டும். பின்னர் வண்ணம் தீட்டிக் கீறல்களும் துருவும் வரைந்தால், ஒரு கிலோகிராம் எடைகூட இல்லாத நெகிழி, பல போர்களைக் கண்ட இரும்பாகத் திரையில் மாறுகிறது.

தெரிந்து தெளிவோம்

கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீதும் காற்று ஏறத்தாழ 1 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையுடன் அழுத்துகிறது. 30 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உடைய தகட்டின் அடியில் முழு வெற்றிடம் அமைந்தால், அதன்மீது ஏறத்தாழ 900 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை செயல்படும். இது ஒரு சிறிய மகிழுந்தின் எடையை ஒத்தது.

நீதிமன்றம் ஏறிய தலைக்கவசம்

ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படம் 1977-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் வரும் வெண்ணிறக் கவசப் படைவீரர்களின் தோற்றம் உலகெங்கும் புகழ்பெற்றது. ரால்ப் மெக்குவாரி தீட்டிய ஓவியங்கள் அதற்கு அடிப்படையாயின. இலண்டனை அடுத்த டுவிக்கன்ஹாமில் பட்டறை வைத்திருந்த ஆண்ட்ரூ எயின்ஸ்வொர்த், வெற்றிட வடிவாக்க முறையில் அத்தலைக்கவசங்களைச் செய்தார். படத்திற்காக 50 தலைக்கவசங்கள் உருவாயின. அவற்றின் களிமண் வடிவத்தை முதலில் செய்த கை யாருடையது என்பதில் திரைவரலாற்று ஆர்வலரிடையே இன்றளவும் கருத்து வேறுபாடு நிலவுகிறது. உலகமே அறிந்த ஒரு வடிவத்தைச் செய்தவர் எவர் என்பதே வழக்காடப்படும் நிலை, பெயர்ப்பதிவு இன்மையின் விளைவை நன்கு காட்டுகிறது.

பல ஆண்டுகள் கழிந்தபின், எயின்ஸ்வொர்த் அதே வடிவத்தில் தலைக்கவசங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். லூகாஸின் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தலைக்கவசம் ஒரு சிற்பம். ஆகவே அதற்கு நீண்டகாலப் பதிப்புரிமை உண்டு என்பது நிறுவனத்தின் வாதம். 2011-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இங்கிலாந்தின் உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. கலைப்படைப்பு என்பது திரைப்படமே. தலைக்கவசம் அப்படத்தை உருவாக்கும் செயலில் பயன்பட்ட ஒரு பொருள். எனவே அது சட்டத்தின் நோக்கில் சிற்பம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். எனினும், அமெரிக்காவில் நடந்த விற்பனையைப் பொறுத்தவரை அந்நாட்டுப் பதிப்புரிமையின் அடிப்படையில் இங்கிலாந்து நீதிமன்றத்தில் வழக்காடலாம் என்று அதே தீர்ப்பு கூறியது.

இவ்வழக்கில் ஒரு முரண் உண்டு. தலைக்கவசம் சிற்பமே என்று வாதிட்டது பெருநிறுவனம். அதைத் தன் கையால் செய்தவரோ அது சிற்பம் அன்று என்ற வாதத்தால் வென்றார். உரிமை யாருக்கு என்பதே அங்கு எழுந்த வினா. பெருமை யாருக்கு என்ற வினாவுக்கு அந்நீதிமன்றத்தில் இடமில்லை.

பயன்பொருளா? படைப்பா?

தீர்ப்பு அந்நாட்டுச் சட்டத்தின் சொற்களுக்குப் பொருந்துவதாக இருக்கலாம். கலையின் இயல்புக்கு அது பொருந்துமா என்று ஆராய்தல் வேண்டும்.

இருசக்கர ஊர்தி ஓட்டுபவரின் தலைக்கவசம் ஐ.எஸ். 4151 என்னும் இந்தியத் தர அளவீட்டிற்கு உட்பட்டது. தலையைக் காப்பதே அதன் பயன். திரைப்படத் தலைக்கவசம் அந்தப் பயனைச் சிறிதும் தராது. ஓர் அடி பட்டால் பிளந்துவிடும். அணிந்தவரைக் காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. காண்பவரை நம்பவைக்கும் ஆற்றல் மட்டுமே அதற்கு உண்டு. ஒரு பொருளின் ஒரே பணி காண்பவர் உள்ளத்தில் அச்சத்தையோ வியப்பையோ எழுப்புவதாயின், அதனை வெறும் பயன்பொருள் என்று எப்படி ஒதுக்க முடியும்?

திரைப்படம் என்னும் முழுமையின் உறுப்பாக இருப்பதால் அது தனிப்படைப்பு ஆகாது என்ற வாதமும் நிலைக்கவில்லை. பாடலும் திரைப்படத்தின் உறுப்பே, இசையும் உறுப்பே. ஆயினும், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தனிப் படைப்பாளர்களாகவே மதிக்கப்படுகின்றனர். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், திரைப்படத்தில் இடம்பெறும் தம் பாடலும் இசையும் பிறவழிகளில் பயன்படும்போது வருவாயில் பங்கு பெறும் உரிமையை அவர்களுக்கு உறுதி செய்தது. காதுக்கு விருந்தளிப்பவர்க்கு உரிய மதிப்பு, கண்ணுக்கு விருந்தளிப்பவர்க்கு மறுக்கப்படுதல் முறையன்று.

ஓவியரின் கருத்தைத்தானே சிற்பி செயலாக்குகிறார் என்று கேட்பவர் உண்டு. கருத்து ஓவியருடையது என்பது மெய்யே. ஆனால், தாளில் இல்லாத பின்புறத்தையும் ஆழத்தையும் கண்டறிந்தவர் சிற்பி. இருவர் பெயரும் இடம்பெறுவதால் எவர் பெருமையும் குறையாது.

படிகள் பல எடுக்கப்படுவதால் அது கலையாகாது என்பது மற்றொரு மறுப்பு. இதில் ஓரளவு உண்மை உண்டு. ஐந்நூறாவது தலைக்கவசத்தை எடுக்கும் வேலை உற்பத்தியே. முதல் வடிவத்தைக் காணும் வேலைதான் படைப்பு. அவ்வேறுபாட்டை உணர்ந்தால், யாருடைய பெயரைப் பதிய வேண்டும் என்பதும் தெளிவாகும்.

இந்தியச் சட்டத்தின் பார்வை

இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம், 1957, ஓவியம், சிற்பம் ஆகியவற்றோடு கலைத்திறன் வாய்ந்த கைவினைப் படைப்புகளையும் கலைப்படைப்பு என்னும் வரையறைக்குள் கொண்டுவருகிறது. அச்சட்டத்தின் 57-ஆம் பிரிவு மிகவும் குறிப்பிடத்தக்கது. படைப்பின் உரிமையைப் பிறருக்கு விற்றுவிட்ட பின்னரும், 'இதனைப் படைத்தவர் யாம்' என்று கோரும் உரிமை படைப்பாளரிடமே தங்கும் என்று அப்பிரிவு கூறுகிறது. சிற்பி அமர்நாத் சேகல் தம் வெண்கலச் சுவர்ச்சிற்பத்துக்காகத் தொடுத்த வழக்கில், 2005-ஆம் ஆண்டு தில்லி உயர்நீதிமன்றம் இப்பிரிவின் அடிப்படையில் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது.

அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. வடிவமைப்பாகப் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 படிகளுக்கு மேல் எடுத்துவிட்டால், அதற்குரிய பதிப்புரிமை முடிந்துவிடும். வடிவமைப்புச் சட்டம், 2000-இன்கீழ் பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்புக் கிடைக்கும். கையில் திறன் இருந்தும் இவ்விதிகளை அறியாத கைவினைஞர், தம் உழைப்பின் பயனை எளிதில் இழக்க நேரும்.

எல்லா வடிவத்துக்கும் எல்லையற்ற தனியுரிமை கோருவதும் நன்றன்று. கூத்து முடியின் வடிவம் ஊர்ப்பொதுவாக இருந்ததால்தான் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. பார்த்துக் கற்பதும் அதுபோல் செய்து பழகுவதும் கலையின் வாயில்கள். அவ்வாயிலை அடைத்துவிட்டால் அடுத்த தலைமுறை உள்ளே வர இயலாது. ஆகவே, முதலில் வேண்டப்படுவது பொருளுரிமை அன்று, பெயருரிமை.

செய்ய வேண்டுவன

திரைப்படத்தின் பெயர்ப்பட்டியலில் தலைக்கவசம், கவசம், முகமூடி ஆகியவற்றை வடித்த சிற்பியின் பெயரும் பட்டறையின் பெயரும் இடம்பெற வேண்டும். இன்றைய படங்களின் இறுதியில் நீண்ட பெயர்ப்பட்டியல் ஓடுகிறது. அதில் இன்னும் இரண்டு வரிகளுக்கு இடமில்லாமற் போகாது. அடுத்து, வேலையைத் தொடங்கும் முன்னரே எழுத்து வடிவில் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும். அச்சு யாரிடம் இருக்கும், மறுபடிகளை விற்கலாமா, விற்றால் பங்கு எவ்வளவு என்பன அதில் தெளிவாக இருத்தல் வேண்டும். மூன்றாவதாக, படம் முடிந்ததும் அச்சுகளையும் கவசங்களையும் குப்பையில் சேர்க்காமல், தெரிந்தெடுத்த சிலவற்றையேனும் காப்பகத்தில் வைத்தல் வேண்டும். களிமண் சிதைந்துவிடும் கலையில் அச்சே வரலாற்றுச் சான்று.

ஆடைக்கலைக்கு உலகு மதிப்பளித்த சான்றும் உண்டு. 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஆடை வடிவமைப்புக்காக ஆஸ்கர் விருது பெற்ற ஜான் மோலோ, பின்னர் 'காந்தி' திரைப்படத்துக்காக 1983-ஆம் ஆண்டு பானு அதையாவுடன் அவ்விருதைப் பகிர்ந்துகொண்டார். ஆஸ்கர் விருது பெற்ற முதல் இந்தியர் பானு அதையாவே. வடிவமைப்பவர் பெறும் அம்மதிப்பின் ஒரு பகுதியேனும் வடித்துத் தருபவரைச் சென்றடைய வேண்டும்.

பெயர்ப்பதிவால் விளையும் பெரிய நன்மை மாணவருக்கே உரியது. தாம்பரத்தையும் வேளச்சேரியையும் இணைக்கும் சாலையில் அமைந்துள்ள இராசகீழ்ப்பாக்கத்தில் வாழும் மாணவி ஒருத்தி, மண்ணில் உருவம் செய்வதில் ஆர்வம் உடையவள் எனக் கொள்வோம். தாம்பரத்தில் மின்தொடர்வண்டி ஏறினால் கிண்டியில் இறங்கலாம். அங்கே நெகிழித் தொழில்நுட்பம் கற்பிக்கும் நடுவண் அரசின் 'சிப்பெட்' நிறுவனம் 1968-ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. தெற்கே மாமல்லபுரத்தில் சிற்பக்கலைக் கல்லூரி உண்டு. சென்னையில் 1850-ஆம் ஆண்டு தோன்றிய கவின்கலைக் கல்லூரி உண்டு. வேளச்சேரியை அடுத்த தரமணியில் அரசின் திரைப்படப் பயிற்சி நிறுவனம் உண்டு. மண்ணும் நெகிழியும் திரையும் கற்கும் இடங்கள் அவளைச் சுற்றியே இருக்கின்றன. இவை மூன்றும் கூடுமிடத்தில் ஒரு தொழில் இருக்கிறது என்று அவளுக்குச் சொல்வார் யார்? திரையில் ஓடும் ஒரு பெயர் சொல்லும். சிற்பியின் பெயர் திரையில் வந்தால், அது ஒருவருக்கான பாராட்டு மட்டுமன்று; ஆயிரம் மாணவருக்கான வழிகாட்டியும் ஆகும்.

இத்தகைய வழிகாட்டல் தமிழ்த்திரைக்கும் தேவை. 'இந்தியன்' (1996) படத்தின் முதியவர் ஒப்பனைக்கு அமெரிக்கக் கலைஞர் மைக்கேல் வெஸ்ட்மோரையும், 'ஐ' (2015) படத்தின் சிறப்பு ஒப்பனைக்கு நியூசிலாந்தின் வேட்டா பட்டறையையும் தமிழ்த்திரையுலகம் நாடியது. வல்லவரை எங்கிருந்தும் அழைத்தல் பிழையன்று. அவ்வல்லமையை இம்மண்ணிலும் வளர்க்க வேண்டுமாயின், இங்குள்ளோரின் உழைப்பு முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இன்று கணினித் திரையில் உருவம் வடித்து, முப்பரிமாண அச்சுப்பொறியில் எடுக்கும் முறை பரவிவருகிறது. களிமண்ணின் இடத்தைக் கணினி ஏற்கலாம். எந்த வளைவு வீரத்தைக் காட்டும், எந்த நிழல் அச்சத்தைத் தரும் என்று தேரும் மனிதக் கண்ணின் தேவை அதனால் குறையப்போவதில்லை. கருவி மாறுந்தோறும் படைத்தவரை மறப்பது எளிதாகும். அதனால் பெயரைப் பதியும் கடமையும் மிகுதியாகும்.

புகார் நகரின் சிறப்பைப் பாடியபோது மண்ணீட்டாளரையும் காப்பியம் சேர்த்துப் பாடியது. அவர்களை விடுத்து அந்நகரின் சித்திரம் நிறைவு பெறாது என்பதைக் கவிஞர் அறிந்திருந்தார். திரைப்படத்தின் பெயர்ப்பட்டியலும் அவ்வாறே நிறைவு பெறுதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் கூத்து, நாடகம், திருவிழா ஆகியவற்றுக்கு முடி, முகமூடி, அணிகலன் செய்யும் கைவினைஞர் ஒருவரைக் கண்டு உரையாடி, அவர் பயன்படுத்தும் பொருள்களையும் செய்முறையையும் தொகுத்து எழுதுக.

2. 'திரைப்படத் தலைக்கவசம் கலைப்படைப்பே' – 'பயன்பொருளே' என்னும் இரு தலைப்புகளில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.